தட்டில் செவலை

ஆவணி 12, வியாழன்.

மல்லசமுத்திரத்து விவசாயி பழனியப்பன் இன்று ஆய்வகத்துக்கு வந்தார். அவருடைய நாய் செவலை, உண்ணிக் காய்ச்சலில் ரத்த வெள்ளணுக்கள் குறைந்து செத்து மூன்று மாதமாகிறது. அது நன்றாக இருந்த நாளில் ஆய்வுக்காக எடுத்த ரத்தத்திலிருந்துதான், வெள்ளணுக்களை வளரச் சொல்லும் மரபணுவைப் பிரித்து பாக்டீரியாவுக்குள் சேர்த்தேன். சரியாகச் சேர்ந்திருக்கிறது என்று நேற்று முடிவு வந்தது.

செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். அந்த பாக்டீரியா வளரும் மூடிபோட்ட சிறு தட்டைக் காட்டினேன். கடுகளவு வெள்ளைப் புள்ளிகள்.

"ஏனுங்க அம்மிணி, இதுக்குள்ளயா என்னோட செவலை இருக்கறான்?"

"அவன் இல்லீங்க. அவன் ரத்தத்துல இருந்த ஒரு சேதி மட்டுந்தானுங்க. அது பெருகிட்டே இருக்கும். ஒரு நாளைக்கு மத்த நாய்களுக்கு மருந்தாகலாம்."

தட்டின் மேல் குனிந்து, "செவலை, டேய் செவலை" என்று மெல்லக் கூப்பிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏதாவது அசையுமா என்று நானும் புள்ளிகளையே பார்த்தேன்.

வேலை முடிந்த தட்டைக் கொதி நீராவியில் வைத்து பாக்டீரியாவைக் கொன்றுவிட வேண்டும். மறந்துபோகும் மாணவர்களைத் திட்டுகிறவளே நான்தான். இன்று அதைக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மூடியில் எண் எழுதும் இடத்தில், செவலை என்று எழுதி.