தானாக எழும்பும் செட்டை

1996 செப்ரெம்பர் 1, ஞாயிறு

காரைக் கழுவினேன். ஜூலையில் வாங்கியதிலிருந்து இது ஒன்பதாவது தடவையாம். மனைவி பிரதீபா எண்ணி வைத்திருக்கிறாள். எண்ணட்டும். ஊரைவிட்டு இந்தக் குளிர்நாட்டுப் பார்க்டேலில் வந்திறங்கிய நாளிலிருந்து ஏழு வருடம் பஸ்ஸில் தொங்கினவனுக்குத்தான் இரண்டு கதவுச் சிவப்புக் காரின் அருமை தெரியும்.

அடுத்த வீட்டு ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை வேலியடியில் நின்று பார்த்தார். அவருக்குக் காட்டத்தான் சுவிட்சை அழுத்தினேன். பின்கண்ணாடிக்குக் கீழே படுத்திருக்கும் ஸ்பொய்லர், சிறகு மாதிரி ஒரு பலகை (நான் செட்டை என்றுதான் சொல்வது), கர்... கர்... என்று முனகிக்கொண்டு எழும்பியது. எதிர்வீட்டு நாய் குரைத்தது.

"என்ன தம்பி, உள்ளுக்கை பூனை ஏதும் அம்பிட்டுப் போச்சோ?"

கேட்டுவிட்டுத் தன் கராஜ் கதவை ரிமோட்டால் திறந்துகொண்டு போனார். அந்தக் கதவு ஒரு சத்தமும் போடாது. எனக்கு வயிறு எரிந்தது. சிலருக்குக் கதவுகூட நல்லதாக வாய்க்கிறது.

உண்மையில் செட்டைக்குச் சுவிட்ச் தேவையில்லை. கார் மணிக்கு எண்பது கிலோமீற்றரைத் தாண்டினால் தானாக எழும்பும். வேகம் இருபதுக்குக் கீழே வந்தால் தானாகப் படுக்கும். காரோடு வந்த புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நான் சுவிட்சால்தான் எழுப்புகிறேன். 401 நெடுஞ்சாலைப் பக்கம் எனக்கு ஒரு அலுவலும் இல்லை.

செப்ரெம்பர் 7, சனி

செட்டையின் சத்தத்துக்குக் கார் திருத்துகிறவனிடம் கேட்டதற்கு முழுசாக மாற்ற வேண்டும் என்றான். போடா என்று வந்துவிட்டேன். நானே செய்தேன்.

பின்கதவின் உள் மட்டையைக் கழற்ற எட்டு ஸ்குரூ. இரண்டு பிளாஸ்ரிக் கிளிப் உடைந்தது — யாருக்குத் தெரியப்போகிறது? உள்ளே உள்ளங்கை அளவு மோட்டார். அதிலிருந்து இரண்டு பக்கமும் சைக்கிள் பிறேக் கம்பி மாதிரி ஒவ்வொரு கம்பி. கம்பி சுழல, பல்லுச்சக்கரம் செட்டையைத் தூக்குகிறது. பழைய கிறீஸ் மெழுகாக இறுகிக் கிடந்தது. சுரண்டித் துடைத்தேன். வீட்டில் வேறு எண்ணெய் இல்லை. குளியலறைத் தேங்காயெண்ணெயை எடுத்துத் தாராளமாக விட்டேன்.

ஒரு சத்தமும் இல்லை! பத்துத் தரம் எழுப்பிப் படுக்க வைத்தேன். அண்ணை வீட்டில் இல்லாமல் போய்விட்டார்.

"உது நான் தலைக்கு வைக்கிற எண்ணெயெல்லோ" என்று பிரதீபா போத்திலைப் பறித்துக்கொண்டு போனாள்.

செப்ரெம்பர் 14, சனி

சனிக்கிழமைகளில் பிரதீபாவுக்குக் கம்பியூட்டர் வகுப்பு. மார்க்கம் றோட்டில், காரில் கால் மணி நேரம். லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம்தான். சாவியைக் கொடுக்கும்போது எனக்கு உயிர் போகிறது.

வகுப்பில் அகஸ்ரின் என்று ஒருவன். மிசிசாகாக்காரன். பின்னேரம் போன் எடுத்தான். அவள் பாதி ஆங்கிலத்தில் பேசிப் பேசிச் சிரித்தாள். எனக்குத் தெரியாத ஒரு சிரிப்பு. கடைசியாக என்னோடு எப்போது அப்படிச் சிரித்தாள்?

செப்ரெம்பர் 25, புதன்

மறுபடி அகஸ்ரின். பதினெட்டு நிமிடம்.

ஒக்ரோபர் 5, சனி

வகுப்பு பன்னிரண்டுக்கு முடியும். அவள் மூன்று மணிக்கு வந்தாள். "புத்தகம் பாத்துக்கொண்டு நிண்டிட்டன்."

மத்தியானம் நல்ல வெயில். மூன்று மணிக்குக் குளிர்காற்று. வெளியே போய்ப் பார்த்தேன். வாசலில் கார் நிற்கிறது, செட்டை எழும்பியபடியே.

சுவிட்சை அழுத்தினேன். இறங்க மாட்டேன் என்றது. மட்டையைக் கழற்றினால், தேங்காயெண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கிறது! குளிர்காலத்தில் சுடுதண்ணீரில் போத்திலை வைத்து உருக்கித்தானே தலைக்கு வைக்கிறோம்? இதுகூட யோசிக்காத மடையன் நான்.

பிறகுதான் மற்றது உறைத்தது. செட்டை எண்பதைத் தாண்டினால்தான் எழும்பும். அவள் சுவிட்சைத் தொடுவதில்லை. மார்க்கம் றோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் தெருக்களில் எவன் எண்பது ஓடுகிறான்? 401 ஏறியிருக்கிறாள். 401இல் நேரே மேற்கே போனால் மிசிசாகா.

ஒன்றும் கேட்கவில்லை.

ஒக்ரோபர் 6, ஞாயிறு

எண்ணெயை ஒரு சொட்டு விடாமல் துடைத்தெடுத்தேன். கடையில் நல்ல கிறீஸ் வாங்கிப் பூச அரை மணி நேரம் போதும். பூசவில்லை. கம்பியைக் காய்ந்தபடியே மாட்டினேன். இப்போது முன்னையைவிட மோசமாகக் கத்துகிறது.

கத்தட்டும். எனக்கு அந்தச் சத்தம் வேணும்.

ஒக்ரோபர் 12, சனி

இரண்டு மணியிலிருந்து யன்னலடியில் நின்றேன். 401 இறங்கினால் எங்கள் தெருமுனை வரை வேகம் குறைக்க ஒரு சிக்னலும் இல்லை. இரண்டே முக்காலுக்குத் தெருமுனையில் கார் திரும்பி வேகம் குறைந்ததும் — கர்ர்ர் — செட்டை படுக்கிற சத்தம். முன்னறைக்குள்ளேயே கேட்டது.

ஒக்ரோபர் 19, சனி

இன்றும்.

"எந்த றோட்டாலை வந்தனீர்?"

"ஷெப்பர்ட் தெருவாலைதான். ஏன்?"

"சும்மா."

பொய். என் முகத்தைப் பார்த்து, கோட்டைக் கழற்றிக்கொண்டே ஒரு பொய். அவன்ரை மூஞ்சியை நான் கண்டதுமில்லை. என்னத்தைக் கண்டிட்டாள் அவனிட்டை? என்ரை காரிலை, நான் கழுவித் துடைச்ச காரிலை அவனிட்டைப் போறாள். அவன் பக்கத்து சீற்றிலை இருக்கிறானோ? சீற்றைப் பின்னுக்குத் தள்ளி இருந்தவனோ? போய்ப் பார்த்தேன். தள்ளியிருக்கவில்லை. அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்: கட்டையனாக இருப்பான்.

ஒக்ரோபர் 26, சனி

கேட்டுவிட்டேன்.

"பிரதீபா, எண்பது தாண்டாமல் உந்தச் செட்டை எழும்பாது. மூண்டு கிழமையாய் அந்தச் சத்தத்தை நான் கேட்டுக்கொண்டிருக்கிறன். எங்கை போறீர்?"

அவள் சாவியை மேசையில் வைத்தாள்.

"401 ஓடிப் பழகிறன்."

"ஆரோடை?"

"தனிய."

பிறகு விவரம் சொன்னாள். மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுப்பும் கொம்பனி. அகஸ்ரின் அங்கே வேலை. கம்பியூட்டரில் பதிவு செய்ய ஆள் வேண்டும் என்று அவன் சொன்னதால் விண்ணப்பித்திருக்கிறாள். போன் எல்லாம் அதற்குத்தான். அவனுக்கு ஐம்பத்தாறு வயது, மூன்று பிள்ளைகள். வேலை கிடைத்தால் தினமும் 401இல் போய்வர வேண்டும். அதனால் வகுப்பு முடிய, சனிக்கிழமைகளில் விமான நிலையம் வரை ஓடித் திரும்பி வருகிறாள்.

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னால் 'உம்மாலை ஏலாது' எண்டிருப்பீங்கள். முதல்நாள் நான் அழுது அழுதுதான் ஓடினனான். லொறி ஒண்டு பக்கத்தாலை போகேக்கை கைகால் எல்லாம் விறைச்சுப் போச்சு. அடுத்த கிழமை திரும்ப ஏறேக்கை இந்தச் செட்டை எழும்பிற சத்தம் கேட்டுது. எண்பது தாண்டிட்டன் எண்டு விளங்கிச்சு. அதோடை பயம் போயிட்டுது."

பிறகு, மெதுவாக: "உங்களுக்கும் பயம் எண்டு எனக்குத் தெரியும்தானே."

ஜூலையில், கார் வாங்கிய அன்று, அவளைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு 401க்கு ஏறினேன். லொறி வரிசையைக் கண்டதும் பாதிவழியில் கரையில் நிறுத்திவிட்டேன். காருக்கு ஏதோ சரியில்லை என்றேன். எச்சரிக்கை விளக்கைப் போட்டு இருபது நிமிடம் இருந்தோம். பிறகு கரையாலேயே ஊர்ந்து அடுத்த இறக்கத்தில் இறங்கினேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பிறகு பேசியதே இல்லை. இந்தக் கொப்பியில்கூட நான் எழுதவில்லை.

ஒக்ரோபர் 27, ஞாயிறு

வேறு ஆள் இல்லை என்று தெரிந்ததும் மனம் ஆற வேண்டும். ஆறவில்லை. ஆள் இருந்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். இப்போது யாரோடு பிடிப்பது?

உள்ளதை எழுதுகிறேன்: எனக்கு அவள்மேல் பொறாமை. ஒரு வருட லைசென்ஸ்காரி அழுதுகொண்டு ஓடியிருக்கிறாள். நான் காரைக் கழுவியிருக்கிறேன். செட்டை தானாக எழும்பியதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

நவம்பர் 6, புதன்

வேலை கிடைத்துவிட்டது. பதினெட்டாம் திகதி தொடக்கம். மிசிசாகாவுக்கு இங்கிருந்து பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேரம். நான் வேலை செய்யும் பேக்கரிக்குப் பதினைந்து நிமிடம். யாருக்குக் கார் வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சாமிப்படத்துக்கு முன்னால் விளக்கு வைத்தாள். நான் போய்க் காருக்குள் இருந்தேன்.

நவம்பர் 9, சனி

குளிருக்கு இறுகாத வெள்ளைக் கிறீஸ் வாங்கினேன். மறுபடி எட்டு ஸ்குரூ. கம்பி இரண்டையும் உருவி, கழுவிக் காயவைத்து, விரலால் கிறீஸைத் தடவி மாட்டினேன். கை விறைத்துவிட்டது. உடைந்த கிளிப் இரண்டும் புதிதாகப் போட்டேன்.

பூசும்போது ஒருமுறை கை நின்றது. இனி அவள் எங்கே போய் வந்தாள் என்று யன்னலடியில் நின்று கண்டுபிடிக்க முடியாது. பிறகு மற்றக் கம்பியையும் பூசினேன்.

அண்ணை வேலியடியில் நின்றார். "பூனை செத்துப் போச்சோ?" என்றார். சிரிப்பு வந்தது, சிரித்தேன்.

நவம்பர் 18, திங்கள்

ஆறரைக்கு அவள் போனாள். ஏழுக்கு நான் பஸ் ஏறினேன். இடமில்லை, நின்றுகொண்டே போனேன்.

பின்னேரம் ஐந்தரைக்கே யன்னலடிக்குப் போய்விட்டேன். பழக்கம். இருட்டு. எவ்வளவு காது கொடுத்தும் ஒன்றும் கேட்கவில்லை. விபத்து கிபத்து என்று மனம் எங்கெல்லாமோ ஓட, திரும்பினால் அவள் வாசலில் நின்று சப்பாத்தைக் கழற்றுகிறாள்.

"எத்தனையிலை ஓடினீர்?"

"நூறு. ஒருக்கா நூற்றிப்பத்து." முகம் முழுக்கச் சிரிப்பு. போனில் சிரித்த அந்தச் சிரிப்புத்தான். "உங்கடை செட்டை எழும்பினதோ எண்டே தெரியேல்லை. ஒரு சத்தமும் இல்லை."

"எழும்பியிருக்கும்" என்றேன்.

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவள் பாதி குடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டேன்:

"ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஒருக்கா கூட்டிக்கொண்டு போம். அது தானா எழும்பிறதை நான் பாக்கவேணும்."

"முன்னுக்கு இருந்தால் தெரியாதே."

"பின்னுக்கு இருக்கிறன். கண்ணாடிப் பக்கம் திரும்பி." பிறகு சொல்லிவிட்டேன்: "முன்னுக்கு எனக்குப் பயம்."

ஓம் என்றாள். அந்தப் பின் சீற்றில் ஒரு குழந்தை இருக்கத்தான் இடம் இருக்கிறது. காலை மடக்கி எப்படியாவது இருந்துவிடுவேன்.