முத்தம்மாவின் தோளும் சின்சேயின் ஊசியும்

மார்ச் 1, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். மு.வுக்கு (முத்தம்மா, என் வீட்டுக்காரி, முழுப்பெயர் எழுதச் சோம்பல்) வலது தோள் இன்னும் அப்படியே. கை மார்புக்கு மேல் எழும்பவில்லை. ரவிக்கை மாட்ட நான். தலை சீவ நான். வகிடு கோணல் என்று திட்டு வேறு.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் கொடுத்த தைலம் தீர்ந்தது. எரிச்சல் மட்டும் மிச்சம். வேலை மேய்க்கும் மண்டோர் வந்து சொல்லிவிட்டுப் போனார்: "மாசக் கடைசிக்குள்ள காலைப் பெரட்டுக்கு வந்து நிக்கலன்னா பேரை எடுத்துடுவாங்க தம்பி. நான் என்னா செய்ய?" மு. உள்ளே கேட்டுக்கொண்டிருந்தாள். சின்ன வயசிலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். மத்தியானம் சாப்பிடவில்லை.

மார்ச் 3, செவ்வாய்
நான் வேலை செய்யும் ரப்பர் ஸ்டோருக்குப் பால் லாரி ஓட்டிவரும் ஆ சோங்கிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். சீனர்களை வேலிக்குள் குடிவைத்த புதுக்கிராமத்தில் ஒரு சின்சே இருக்கிறாராம், சீன வைத்தியர். "ஊசி குத்துவாருலா. உள்ள மருந்து கிடையாது." சிரித்துவிட்டேன். மருந்து இல்லாத ஊசி என்ன ஊசி?

மு. சிரிக்கவில்லை. "குத்தட்டுமே. தைப்பூசத்துக்கு அலகு குத்துறதில்லையா?"

மார்ச் 8, ஞாயிறு
நல்ல வெயில். ஜாசின் டவுனுக்கு பஸ், அப்புறம் புதுக்கிராமத்துக்கு நடை. முள்வேலி. கேட்டில் அடையாளக் கார்டு, பை, மடி எல்லாம் சோதனை. ஒரு பிடி அரிசி இருந்தாலும் காட்டுக்காரனுக்கா (காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகள்) என்பார்கள்.

சின்சே கிழவர் என்று நினைத்திருந்தேன். என் வயதுதான். பனியன், கண்ணாடி. ஊசி தலைமயிர் மாதிரி மெலிசு. தோளில் குத்தினார், சரி. காலில் எதற்கு? தோள்வலிக்குக் கெண்டைக்கால் பக்கம் ஒரு குத்து!

"அடா ராசா?" ஏதாவது தெரிகிறதா என்று மலாய் மொழியில் கேட்டார். மு.: "தாக் அடா." இல்லையாம். ஊசியைத் திருகினார். மறுபடி கேள்வி, மறுபடி "தாக் அடா". இன்னும் கொஞ்சம் உள்ளே. அவள் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த நிமிஷம் கண் செருகிச் சாய்ந்துவிட்டாள்.

உயிரே போய்விட்டது எனக்கு. சின்சே ஊசிகளை உருவிவிட்டு என்னிடம் கத்தினார்: "சுடா மாக்கான்?" சாப்பிட்டாளா என்று. எங்கே சாப்பிட்டாள்? வெள்ளிக்கிழமையிலிருந்து விரதம். பாலும் பழமும்தான். குத்திக்கொள்ளப் போகிறவள் விரதம் இல்லாமலா போவாள் என்று நானும் பேசாமல் இருந்தேன்.

சின்சே பெண்டாட்டி கஞ்சி கொண்டுவந்தாள். அங்கே அரிசி அளந்து கொடுக்கும் காலம், அது அவர்கள் பங்கு. மு. குடித்தாள். என்னால் பார்க்க முடியவில்லை.

பிறகு சின்சே மலாயிலும் கையிலுமாக விளக்கினார். கனக்கும், மரத்துப்போகும், கடுக்கும். அது வந்தால்தான் ஊசி சேர வேண்டிய இடம் சேர்ந்ததாம். இல்லை இல்லை என்றே சொன்னால் அவருக்கு எப்படித் தெரியும்?

பஸ்ஸில் மு.: "வலிக்குதுன்னா பக்தி இல்லன்னு ஆயிடுமேன்னு இருந்துட்டேங்க."
"அவரு என்னா சாமியா?"
"இல்லதான்."

வலிக்கிறதா என்று கேட்டுவிட்டு அவள் பதிலுக்குக் காத்திருந்த ஆள் அந்தச் சீனர்தான். டிரசர் தைலத்தை நீட்டியதோடு சரி.

மார்ச் 15, ஞாயிறு
வயிறு முட்டத் தோசை, பிறகு புறப்பாடு. "அடா ராசா?" மு. கொஞ்சம் யோசித்தாள். "அடா. பெராட்." கனக்கிறதாம். சின்சே உடனே ஊசியிலிருந்து கையை எடுத்துவிட்டார். கால் ஊசி இருக்கும்போதே கையைத் தூக்கச் சொன்னார். தோள் மட்டத்துக்கு ஏறியது!

எப்படி என்று கேட்டேன். உடம்புக்குள் ஓட்டம், அடைப்பு என்னவோ சொன்னார். பாதி புரிந்தது. நம்பினேன் என்று எழுத மாட்டேன். கை ஏறியதைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

மார்ச் 22, ஞாயிறு
கேட் பூட்டு. உள்ளே ஊரடங்கு, எத்தனை நாளோ. காவல்காரன், "பாலிக் லா!" திரும்பிப் போ என்று. திரும்பினோம். மு. வேலியையே பார்த்துக்கொண்டு வந்தாள். "கஞ்சி குடுத்த அந்தம்மா சாப்புட்டிச்சோ என்னமோ." ஊசி போச்சே என்ற கவலை எனக்கு.

மார்ச் 30, திங்கள்
பனி. விடியுமுன் பெரட்டு, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் வரிசை. மு. போய் வரிசையில் நின்றாள். ஓரமாக நான்.

மண்டோர்: "என்னா முத்தம்மா, கை சரியாப் போச்சா?"

சரி என்பாள் என்றே நினைத்தேன். தலைக்கு மேல் கை தூக்கி வெட்டும் மேல்வெட்டு மரமாகக் கொடுப்பார். பத்து மரத்துக்குள் கை விழுந்துவிடும்.

"சரியாவலண்ணே." கையைத் தூக்கிக் காட்டினாள். "இதுவரைக்கும் வரும். இதுக்கு மேல வலிக்குது. கீழ்வெட்டு மரமாக் குடுங்க."

வரிசையே திரும்பிப் பார்த்தது. மண்டோர் பேரேட்டைப் புரட்டினார். "ரைட்டுலா. ரோட்டோர மரம் எடுத்துக்க."

கத்தியோடு போய்விட்டாள். ஸ்டோர் வேலைக்கு நான் லேட்.