முட்டை நிலா

ஜூலை 7, திங்கள்

வெயில். தெப்பக்குளத்து மீன்களெல்லாம் கரையேறி வந்து மோர் கேட்டாலும் ஆச்சரியமில்லை.

நேற்று பேட்டைப் பத்திரிகையில் என் டிஸ்க் விமர்சனம். பழைய கறுப்பு-வெள்ளைப் படம், ஒரு படகுக்காரன் கதை. கீறல், அழுக்கு எல்லாம் நீக்கிப் புதுப்பித்து டிவிடியாக விட்டிருக்கிறார்கள். கிழித்துத் தோரணம் கட்டிவிட்டேன். இந்த இடத்தை நானே நாலு தரம் படித்தேன்: "புதுப்பித்த புண்ணியவான் கதாநாயகியை ரோடு ரோலருக்கு அடியில் படுக்க வைத்துவிட்டார். படகு கப்பலாகிவிட்டது. பௌர்ணமி நிலா வாத்து முட்டையாகிவிட்டது. இவர் ஆம்லெட் போடப் போகலாம்."

காலையில் பால் பூத்தில் ஏகப்பட்ட வரவேற்பு. எங்கள் ஃப்ளாட் செக்ரட்டரி கோபால், "மாமா, முட்டை நிலா! சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சிடுச்சு" என்றான். நான்கு மாட வீதிகளும் என் காலடியில்.

வீட்டில் சரோஜா மட்டும் சிரிக்கவில்லை. "பாவம், யாரோ உக்காந்து பண்ணினதுதானே?" மயிலாப்பூரின் டிஸ்க் சக்கரவர்த்திக்கு வாய்த்த மகாராணி இப்படி.

வாங்க: பெருங்காயம், பல்பு இரண்டு, ச.வுக்கு முழங்கால் தைலம். டி.வி. ஸ்பீக்கர் கரகர. மெக்கானிக்குக்குச் சொல்ல.

ஜூலை 9, புதன்

மேகம் மட்டும். மழை இல்லை.

பத்திரிகை ஆசிரியர் போன். "சார், அந்தப் படத்தப் புதுப்பிச்சவர் கூப்பிட்டாரு. ரஹீம் பாய்னு, ராயப்பேட்டைல இருக்காரு. ரெண்டு வருஷமா ஒவ்வொரு ஃப்ரேமா கம்ப்யூட்டர்ல வச்சுத் தொடச்சிருக்காரு."

"திட்டினாரா?"

"இல்ல சார். உங்க டி.வி. எந்த மாடல்னு மட்டும் கேட்டாரு."

என்ன திமிர்! என் டி.வி.யின் குலம் கோத்திரம் இவருக்கு எதற்கு?

ஆசிரியர் (இனி ஆ.) இன்னொன்றும் சொன்னார். தி. நகர் கடைக்காரர் டிஸ்க் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டாராம். ரஹீம் பாய்க்கு அடுத்த படம் ஒன்றைக் கொடுப்பதாக இருந்த கம்பெனி, யோசித்து வருகிற திங்கட்கிழமை சொல்கிறோம் என்றுவிட்டதாம். அந்த அடுத்த படத்துக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு நெகடிவ். கெட ஆரம்பித்துப் புளித்த வாடை அடிக்கிறது. வருகிற மழைக்காலத்தைத் தாங்காது.

இந்த ஊரில் இன்னும் டிஸ்க் வாங்குகிறவர்கள் ஒரு ஷேர் ஆட்டோவுக்குள் அடங்குவார்கள். அத்தனை பேரும் என் வாசகர்கள். நேற்றுவரை பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு இறங்கவில்லை. கத்தரிக்காய் முற்றல்.

ஜூலை 10, வியாழன்

புழுக்கம். மெக்கானிக் செல்வம் வந்தான். ஸ்பீக்கரைச் சரிசெய்துவிட்டு, சத்தம் பார்க்க, உள்ளே கிடந்த படகுக்காரன் டிஸ்கையே ஓடவிட்டான். ஓடவிட்டவன் முகம் சுளித்தான்.

"இன்னா சார், படத்த இப்டி இஸ்து வச்சிக்கினு கீறீங்க? அல்லாரும் பூரி மாரி உப்பிக்கினு கீறாங்க."

"அது டிஸ்க் கோளாறுப்பா. நான் எழுதியே இருக்கேன்."

"டிஸ்காவது இன்னாவது! ரிமோட்ட குடு நைனா."

ஒரே பட்டன். திரையின் இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை வந்து நின்றது. நடுவில் கதாநாயகி ஒடிசலாக. படகு, படகாக. நிலா வட்டம்.

அப்போதுதான் நினைவு வந்தது. பொங்கலன்று, இவ்வளவு பெரிய டி.வி. வாங்கிவிட்டுக் கறுப்புப் பட்டைக்கா இடம் விடுவது என்று அந்தப் பட்டனை அழுத்தியது நான். பழைய படங்கள் ஏறக்குறைய சதுரமாகத்தான் எடுக்கப்பட்டவை, அவற்றை அகலமாக இழுத்துப் பார்ப்பவன் சினிமாவுக்கே பகைவன் என்று போன வருஷம் பத்தி எழுதியதும் நானேதான்.

செல்வம் போனபின் ச.: "நியூஸ் வாசிக்கிற பொண்ணு பொங்கல்லேர்ந்து திடீர்னு குண்டாயிட்டான்னு அன்னிக்கே சொன்னேன். கல்யாணம் ஆயிருக்கும்னீங்க."

ஜூலை 11, வெள்ளி

தூறல். பொங்கலுக்குப் பின் எழுதிய பத்திகளை எடுத்துப் பார்த்தேன்.

- கதாநாயகனின் "மலை போன்ற மார்பு". (ஆள் ஒல்லிப்பிச்சான்.)
- "அந்தக் காலத்துக் குதிரைகளுக்கே உரிய ஆகிருதி."
- ஒரு வில்லனின் "அகன்ற, அச்சுறுத்தும் முகம்". அப்பாவி மூஞ்சி அது.

இதையெல்லாம் யாராவது வெட்டி ஒட்டி வைத்திருப்பார்களோ?

திருத்தம் எழுத உட்கார்ந்தேன். முதல் நகல்: "தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால்..." கிழித்தேன். இரண்டாவது: "மெக்கானிக்கின் கவனக்குறைவால்..."

ச. தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "செல்வம் என்ன பண்ணினான்?"

கிழித்தேன். நிமிர்ந்து அவளைப் பார்க்க முடியவில்லை. சர்வசாதாரணமாக நாலாயிரம் சொல் எழுதுகிறவனுக்கு நாலு வரிக்கு மத்தியானம் வரை ஆயிற்று:

"டிஸ்கில் தவறு இல்லை. என் டி.வி. படத்தை அகலமாக இழுத்துக் காட்டியது. அப்படி வைத்தவன் நான். ரஹீம் பாயிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

ஆ. போன்: "நீங்க எழுதின மாதிரியே இல்லியே சார். ஒரு உவமை கூட இல்ல?"

"அப்படியே போடுங்க."

ஜூலை 13, ஞாயிறு

வந்துவிட்டது. எட்டாம் பக்கம், மாவு மில் விளம்பரத்துக்குக் கீழே, எறும்பு கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிற எழுத்தில். முட்டை நிலா மூன்றாம் பக்கத்தில், என் போட்டோவோடு வந்தது.

பால் பூத்தில் கோபால்: "மாமா, என் மச்சினனுக்கும் அந்த முட்டை நிலாவப் படிச்சுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சான். இந்த வாரம் யாரக் கிழிச்சீங்க?"

"என்னை."

அதற்கும் சிரித்தார்கள். பால் வாங்காமலே திரும்பிவிட்டேன். வரக்காப்பி.

ஜூலை 14, திங்கள்

மழை. பஸ்ஸில் ராயப்பேட்டை. ஆ. கொடுத்த விலாசம். குறுகின மாடிப்படி, ஏறுவதற்குள் மூன்று முறை திரும்பிப்போக நினைத்தேன்.

ரஹீம் பாய் சின்ன உருவம். தடிக் கண்ணாடி. மேஜையில் துருப்பிடித்த ஃபிலிம் டப்பா, மூடி திறந்து. அறை முழுக்கப் புளித்த வாடை.

"பாய், நான்தான் அந்த..."

"தெரியும் சார். பத்திரிகைல போட்டோ வந்துச்சே. கொஞ்சம் அகலமா போட்டுட்டாங்க போல." சிரிக்காமல் சொன்னார். நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வந்தது.

டீயில் வாய் வைப்பதற்குள் அவர் போன் அடித்தது.

"சொல்லுங்க... ம்... திருத்தத்தப் படிச்சீங்களா, சரி... இல்லீங்க, புரியுது. பரவால்லீங்க."

போனை வைத்தார். "அடுத்த படம் வேணாம்னு கம்பெனில சொல்லிட்டாங்க சார். கடைக்காரங்க யாரும் இனிமே பழைய படம் எடுக்க மாட்டேங்கறாங்களாம்."

நான் என்னவோ சொல்லத் தொடங்கினேன்.

"டீ ஆறுது, குடிங்க."

டப்பாவை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை, உள்ளங்கையால் மெல்ல அழுத்திக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அந்த நிலா ஷாட்டுக்கு மட்டும் ஒரு மாசம் ஆச்சு சார். ஓரமெல்லாம் பூஞ்சை. இப்ப எப்படி இருக்கு?"

"வட்டமா இருக்கு பாய்."

அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க எனக்குத் துணிவில்லை.