ஏலக்காய் போட்ட மருந்து

சிவமயம்
பண்டத்தரிப்பு
12.2.1934

என் அன்புக்குரியவருக்குப் பாலேஸ்வரி வணங்கி எழுதுவது.

இங்கு எல்லோரும் சுகம் என்று எழுத ஆசைதான். பிள்ளை பத்மாசினி சுகம். நான் கிணற்றடிக்குப் போய்வரவே இளைக்கிறேன். நாக்குப் புண்ணாகி உறைப்புப் பட விடுகுதில்லை. உள்ளங்கை வெளிறிக் கிடக்கு. உடம்பில் இரத்தமில்லையாம். மலாயாவில், ஈப்போவில் ஊர்ச்சனத்துக்கெல்லாம் மருந்து கொடுக்கிற ஆசுப்பத்திரி டிரெசருக்கு வீட்டுக்காரியின் வருத்தமும் தெரியட்டும் என்று எழுதினேன்.

இப்படிக்கு,
பாலேஸ்வரி

ஈப்போ
10.3.1934

அன்புள்ள பாலேஸ்வரிக்கு,

உம்முடைய நக்கல் கிடைத்தது. எங்கள் பெரிய டொக்டரைக் கேட்டு மருந்து அனுப்புகிறேன். மணம் தெரியாமல் ஏலக்காய் போட்டுக் கலந்தது நான். சாப்பாட்டுக்குப் பிறகு குடியும், வெறுவயிற்றில் ஓங்காளிக்கும். அப்படியும் ஓங்காளித்தால் ஒரு நேரத்து அளவைப் பிரித்து இரண்டு நேரமாகக் குடியும். தடிப்பு எழும்பினால், மூச்சு முட்டினால், நிறுத்திவிட்டு ஆசுப்பத்திரிக்குப் போம். தேறிவிட்டேன் என்று நீராகவே மருந்தை நிறுத்த வேண்டாம். ஆவணியில் லீவில் வருவேன்.

உமது,
தியாகலிங்கம்

பண்டத்தரிப்பு
9.6.1934

என் அன்புக்குரியவருக்கு,

நாக்கு ஆறிவிட்டது. நேற்றுச் சம்பலோடு பிட்டுத் தின்றேன். தண்ணீரும் நானே அள்ளுகிறேன். முதல் கிழமை குமட்டினது. நீங்கள் சொன்னபடி பிரித்துக் குடிக்க நின்றுவிட்டது. காலமை குளித்து, அனுட்டானம் முடித்து, சாப்பிட்டு, ஐந்தெழுத்தைச் சொல்லித்தான் உங்கள் மருந்தை வாயில் வைக்கிறேன். கையில் மட்டும் கொஞ்சம் தடிப்பு. பயப்பட வேண்டாம். நாளையின்றைக்கு, திங்கட்கிழமை, போத்தலோடு ஆசுப்பத்திரிக்குப் போறன்.

பாலேஸ்வரி

பண்டத்தரிப்பு
11.6.1934

பத்மாசினியின் ஐயாவுக்கு,

தடிப்பு வெறும் வேர்க்குருவாம். மருந்துக் கலவை செய்கிற வின்சன்ற் போத்தலைத் திறந்து மணந்துவிட்டுச் சிரித்தார். “ஏலக்காய் போட்டால் தெரியாதோ அக்கா? மாட்டீரல் சாறு. நாங்களும் இதைத்தானே குடுக்கிறம். ஐயா சொல்லேல்லையோ?”

“ஓம், சொன்னவர்” என்றேன். பிறத்தியாருக்கு முன்னால் உங்களை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

நான் சிவதீட்சை பெற்றபோது பக்கத்தில் நின்றவர் நீங்கள். மச்ச மாமிசம் சமைத்த சட்டியைக்கூடத் தொடாதவள் என்று தெரியும். உயிர் பெரிதோ ஆசாரம் பெரிதோ என்று இனிக் கேட்டு எழுதுவீர்கள். அதைப் பங்குனியில் கேட்டிருக்க வேணும். கேட்டிருந்தால், பிள்ளையின் முகத்தைப் பார்த்து நானே குடித்திருப்பேன். பாவமென்றாலும் அது என்னுடையதாய் இருந்திருக்கும். நீங்களோ என்னைச் சிவன் பேரைச் சொல்லிச் சொல்லிக் குடிக்க வைத்தீர்கள்.

மருந்தை விடவில்லை. இன்றைக்கும் சாப்பாட்டுக்குப் பிறகு குடித்தேன். ஐந்தெழுத்துச் சொல்லவில்லை. இனி இங்கேயே வாங்குவேன், அனுப்ப வேண்டாம்.

ஆவணியில் வந்து நில்லுங்கள். நீங்கள் ஊரில் நிற்கும் வரைக்கும் நான் கொடிகாமத்தில் அண்ணை வீட்டில் இருப்பேன். பிள்ளையை உங்களோடு விட்டுப் போவேன். அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவளாவது உங்கள் கையால் வாங்கித் தின்னட்டும்.

பாலேஸ்வரி