உங்கள் பக்கத்து வால்வு

என் அருமை ஸ்டீயரிங்காரருக்கு,

பக்கத்து சீட்டுக்காரி எழுதுவது. நானும் நம் மகள் குட்டியும் சுகம். உங்கள் கால் எப்படி இருக்கிறது என்று நர்ஸம்மாவிடம் போனில் கேட்டேன். புண் ஆறிப் புதுத்தோல் வந்துவிட்டது, மனுஷர்தான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றார். அது பழைய வியாதி, மருந்து என்னிடம் இருக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. கம்பெனி வாசலில் கேட் வேலை பார்க்கப் போகிறேன், இனி நாம் இருவரும் ஒரே லாரியில் போக வேண்டாம், வண்டியை ஒப்படைத்துவிடு என்று எழுதியிருக்கிறீர்கள். ஒப்படைக்க மாட்டேன். நீங்கள் தலைகீழாக நின்றாலும் நடக்காது. காரணத்தைச் சொல்கிறேன். பாதியில் மடித்துத் தலையணைக்கடியில் வைத்துவிடாமல் கடைசிவரை படியுங்கள்.

வண்டி நேற்று ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தது. குளிருக்குக் கேபினைச் சூடாக்குகிற ஹீட்டர் ஓட்டையாகியிருந்ததே, அதைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டாயிற்று. "இத்தன வருஷம் ஓட்டுன ஆளு, ஒரு வால்வை மூடிட்டு இன்னொண்ணை விட்டுட்டாரே" என்று மெக்கானிக் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். என்ஜினிலிருந்து ஹீட்டருக்குச் சுடுதண்ணீர் போகிற குழாயை மட்டும் அடைத்தால் போதாது, திரும்பி வருகிற குழாய் வழியாகவும் அது ஏறி வந்துவிடும் என்று எனக்குப் பாடம் வேறு எடுத்தார். எனக்கா தெரியாது? போகிற குழாய் உங்கள் பக்கம், திரும்புகிற குழாய் என் பக்கம். கைப்பிடி குழாயோடு நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. பதினோரு வருஷமாக, ஹீட்டரை அடைக்க வேண்டி வந்தபோதெல்லாம் நீங்கள் அந்தப் பக்கம் திருப்பிவிட்டு "மூடியாச்சு" என்பீர்கள். நான் இந்தப் பக்கம் திருப்பிவிட்டு "மூடியாச்சு" என்பேன். இரண்டு குரலும் கேட்காமல் வண்டி நகர்ந்ததே இல்லை.

உங்கள் கால் வெந்த அன்றைக்கு ஒரு குரல்தான் கேட்டது. நீங்கள் ரிவர்ஸ் எடுக்கும்போது குடோன் சுவரில் உரசியதற்கு, லோடு இறக்குகிற நாலு பேர் முன்னால் நான் சிரித்துத் தொலைத்தேன். மூன்று மணி நேரம் உம்மென்று ஓட்டினீர்கள். எனக்கும் வீம்பு, வாயைத் திறக்கவில்லை. காலடி விரிப்பு நனைந்ததைப் பார்த்து, ஹீட்டர் ஒழுகுகிறது என்று ஓரம் கட்டினீர்கள். உங்கள் பக்கத்தை அடைத்துவிட்டு "மூடியாச்சு" என்றீர்கள். சண்டையை முதலில் விட்டவர் நீங்கள்தான். என் பக்கத்து வால்வை மறைக்கிற தகட்டைத் திறந்து கையை உள்ளே விட்டிருந்த எனக்கு, இவர் கூப்பிட்டதும் நான் பதில் சொல்லிவிட வேண்டுமா என்று வந்ததே ஒரு ஆத்திரம்! தகட்டைப் படாரென்று சாத்திவிட்டு ஏறி உட்கார்ந்தேன். வால்வைத் திருப்பவே இல்லை. அந்தச் சத்தத்தையே என் பதில் என்று எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினீர்கள்.

மலை இறக்கத்தில் குழாய் பிய்த்துக்கொண்டு கொதிக்கிற தண்ணீர் உங்கள் பாதத்தில் கொட்டியது. அந்த வளைவு முடிந்து வண்டி நிற்கும்வரை நீங்கள் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. நான் உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுவது அதனால்தான். ஆஸ்பத்திரிக்கு மேனேஜர் வந்து கேட்டபோது, "ரெண்டையும் நான்தான் பாத்தேன், ஒண்ண மறந்துட்டேன்" என்றீர்கள். நான் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு கல் மாதிரி நின்றேன். பத்தொன்பது நாளாக அந்தப் பொய்யின் நிழலில் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை மேனேஜரிடம் போய், அது என் வால்வு என்று சொல்லிவிட்டேன். புருஷனைக் காப்பாற்ற வந்தீர்களா என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார். இல்லை, அவர் என்னைக் காப்பாற்றியதைச் சொல்ல வந்தேன் என்றேன். ரிப்போர்ட்டில் 'கவனக்குறைவு' என்ற இடத்தில் உங்கள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார். அதை டூல்பாக்ஸில் ஸ்பானர்களுக்கு மேலே வைத்திருக்கிறேன், திறக்கும்போதெல்லாம் கண்ணில் படட்டும். அதோடு விடவில்லை. நீங்கள் ஓட்டக் கற்றுக்கொடுத்து நான் எடுத்த லைசென்ஸைக் காட்டி, உங்கள் ஆஸ்பத்திரி இருக்கிற ஊருக்குப் போகிற லோடையும் கேட்டு வாங்கிவிட்டேன். திட்டிக்கொண்டேதான் கொடுத்தார்.

குட்டியை அக்கா வீட்டில் விட்டிருக்கிறேன். நீங்கள் அனுப்பிய முத்தத்தைக் கொடுத்தேன், மீசை குத்தவில்லையே என்றாள்.

குளிர்காலம் தொடங்கிவிட்டதால் மெக்கானிக் அண்ணன் இரண்டு வால்வையும் திறந்து வைக்கச் சொன்னார். என் பக்கத்தைத் திருப்பிவிட்டு "தொறந்தாச்சு" என்று கத்தினேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை. அண்ணன் உங்கள் வால்வைத் திருப்பக் கையை நீட்டினார், தொடக் கூடாது என்று தடுத்துவிட்டேன். ஒன்று மூடியிருந்தால் ஹீட்டர் வேலை செய்யாது, மலைமேல் விறைத்துப் போவாய் என்றார். விறைத்தால் விறைக்கட்டும். இரண்டு ஸ்வெட்டரும் உங்கள் கம்பளிக் குல்லாவும் இருக்கின்றன. கண்ணாடியில் படிகிற பனியைத் துடைக்கப் பழைய துண்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஹாரன் அடிப்பேன். கம்பை ஊன்றிக்கொண்டு மெதுவாக வாருங்கள். ஓட்ட வேண்டாம், கால் தேறும்வரை நான் ஓட்டுகிறேன். என்னை மன்னித்துவிட்டதாகவும் சொல்ல வேண்டாம். உங்கள் பக்கத்துத் தகட்டைத் திறந்து, அந்த வால்வைத் திருப்பி, ஒரு குரல் கொடுங்கள்.

இந்த முறை பதில் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்து சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள்