ஊர் இரண்டு தடவை கை தூக்கியது

இன்று காலை மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த மகனின் வெள்ளைச் சட்டையை உதறினேன். இரும்புத் தூள் கறுப்பாகப் பறந்தது. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இந்தத் தூளைப் பற்றி இப்போது ஊரில் யாரும் பேசுவதில்லை. உதறி மடித்து வைத்துக்கொள்கிறோம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரே பேக்கிங் லைனில் நின்றவர்கள் நாம். ஒரே ஷேர் ஆட்டோவில் போய் வந்தோம். ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்கப்போவதாக நீ சொன்னபோது நான் சிரித்தேன். உன்னை எதிர்த்து நின்றவர், ஊருக்கு மேற்கே இருக்கும் உருக்காலைக்கு லாரி விடுபவர். வீட்டுக்கு வீடு குக்கர் கொடுத்தார். நீயோ, "குடுக்கறத வாங்கிக்கோங்க, ஓட்ட மட்டும் எனக்குப் போடுங்க" என்று தெருத்தெருவாக நடந்தாய். ஊர் அப்படியே செய்தது. ஜெயித்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியாடி, ஆளு நம்ம பக்கம்தான் ஜாஸ்தி" என்றாய். நானும் நம்பினேன்.

முதல் வேலையாகக் கிராம சபையைக் கூட்டினாய். புகையை வடிகட்டும் மிஷினை ஓட்டாமல் ஆலையில் உலை எரிக்கக் கூடாது என்று தீர்மானம். சமுதாயக் கூடத்தில் உட்கார இடமில்லை. மூச்சு இரைக்கும் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டே பெண்கள் கை தூக்கினார்கள். அந்தத் தீர்மானத்தோடு நாம் இருவரும் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். மரியாதையாக உட்காரவைத்து வாங்கிக்கொண்டார்கள். ஆய்வுக்கும் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் வந்த அன்று மட்டும் புகைபோக்கிக்கு மேலே வானம் நீலமாக இருந்தது.

அடுத்த வாரம் ஆலை கேட்டில், அங்கே வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்களை மட்டும் உள்ளே விடவில்லை. "உங்க ஊருக்குத்தான் கம்பெனியே வேணாமாமே" என்றாராம் காண்ட்ராக்டர். திரும்பி வந்தவர்களில் என் மகனும் ஒருவன்.

கொஞ்ச நாள் தாங்கினோம். பிறகு ஒவ்வொருவராக உன் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. "தலைவரம்மா, ஒரே பேஜாரா கீது. அத்த வாபஸ் வாங்கிடுங்க" என்று கெஞ்சினார்கள். "நா ஒருத்தி எப்பிடி வாங்கறது? ஊரு போட்ட தீர்மானம். ஊரே வந்து எடுக்கட்டும்" என்றாய்.

கூட்டத்தைக் கூட்டாதே, இழுத்தடி என்று நான் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாய். "ஊரு கேட்டும் கூட்டலன்னா, அந்த ஆலைக்காரனுக்கும் எனக்கும் இன்னாடி வித்தியாசம்?"

அதே கூடம், அதே ஜனம். ஆலையிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை. பழைய தீர்மானத்தை வாபஸ் வாங்குவதாக ஊராட்சிச் செயலாளர் வாசித்து முடித்ததும் கைகள் மேலே போயின. இழுத்தடி என்று உனக்கு யோசனை சொன்ன நானும் தூக்கினேன். மறுநாள் காலை கேட் திறந்தது.

கூட்டம் முடிந்து சேர்ந்தே வீட்டுக்கு நடந்தோம். நீதான் பேசினாய். "ஆளு நம்ம கிட்ட ஜாஸ்திதான். ஆனா அல்லார் ஊட்டு அடுப்பும் அவன் கையில கீது. அத்த நான் எண்ணாம உட்டுட்டேன்." குரலில் கோபமே இல்லை. நீ என்னைத் திட்டியிருக்கலாம்.

நெஞ்சு வலி வந்து நீ போன அன்று எல்லாவற்றிலும் பெரிய மாலை ஆலையிலிருந்து வந்தது. மேனேஜர் காருக்கு ஊரே வழிவிட்டது. உன் தம்பி போட்டிருந்த சின்ன மாலையை யாரோ ஒதுக்கிவிட்டு அதை மேலே வைத்தார்கள். உன் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

போன கிராம சபையில் ஒருவழியாக எழுந்தேன். பழைய தீர்மானத்தைத் திரும்பவும் போடவேண்டும் என்றேன். யாரெல்லாம் ஆதரவு என்று செயலாளர் கேட்டார். என் கை மட்டும் நின்றது. பக்கத்திலிருந்த பெண்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை; கோபப்பட எனக்கு என்ன தகுதி?

வீட்டில் மகன் கேட்டான்: "நீ ஒருத்தி தூக்கி இன்னாமா ஆவப்போவுது?" மறுநாள் அவன் எப்போதும்போல வேலைக்குப் போனான். கேட்டில் யாரும் அவனைத் தடுக்கவில்லை. ஒற்றைக் கைக்கு அவர்கள் பயப்படுவார்களா என்ன?

உன்னிடம் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. இரண்டாவது கூட்டத்தில், கைகளை நீயே எண்ணுவதாகச் சொல்லி எழுந்து, விரல் நீட்டி, வாய்விட்டு எண்ணிக்கொண்டே வரிசை வரிசையாக வந்தாய். என் கைக்கு வரும்போது ஒரு நொடி நிற்பாய் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். நீ நிற்கவில்லை. மற்றவர்களை எண்ணிய அதே குரலில் என்னையும் எண்ணிவிட்டு, அடுத்த கைக்குப் போனாய்.