குப்பைக்குப் போன கஞ்சி

டெட்ராய்ட், 19.1.2003

அன்புள்ள அம்மாவுக்கு,

பன்னீர்செல்வத்தின் வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் நலம்.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா மார்த்தா, படுக்கும் முன்பே மின்சாரப் பானையில் ஓட்ஸும் பாலும் போட்டுவிடுவார். அது மெல்ல வெந்து காலையில் கஞ்சியாகியிருக்கும். எனக்கும் ஒரு கிண்ணம் வைப்பார். வழவழப்பு பிடிக்காமல் தினமும் குப்பையில் கொட்டிவிட்டு, நன்றாக இருந்தது என்பேன். செவ்வாய்க்கிழமை பார்த்துவிட்டார். "உப்பு பத்தலையா?" என்று மட்டும் கேட்டார். மறுநாளும் கிண்ணம் இருந்தது, பக்கத்தில் உப்பு டப்பாவோடு. முழுவதும் சாப்பிட்டேன்.

அம்மா, கல்லூரிக்கு நீ கட்டித் தந்த கேழ்வரகு அடையை, நண்பர்கள் சிரிப்பார்கள் என்று செங்கல்பட்டு பஸ் ஜன்னல் வழியே எறிந்திருக்கிறேன். "துன்னியாடா?" என்பாய். "துன்னுட்டேம்மா" என்பேன். போனில் சொல்ல வாய் வரவில்லை.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு, மார்த்தாவுக்கும் சேர்த்து. வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் மகன்,
செல்வம்